கீழே இல்லாத சுவர்

என் தங்கை நியூசிலாந்திலிருந்து வந்து இறங்கிய அன்று எங்கள் வீட்டுக்குள் கால் வைத்ததும் செய்த முதல் வேலை, முன்னறையில் நிற்கிற கண்ணாடி அலுமாரியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்ததுதான். உள்ளே இருந்த பீங்கான் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன. என் மகளுக்குப் பிள்ளை பிறக்க இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. பத்தியச் சமையலுக்குக் கை உதவியாக இருக்கட்டும் என்றுதான் தங்கையை அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டிருந்தேன். அவளோ மகளின் வயிற்றைக்கூட இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.

“அக்கா, இதைச் சுவரோடை கட்டேல்லையே?” என்றாள்.

“அதென்ன மாடோ, கட்டி வைக்க?”

அவள் சிரிக்கவில்லை. மாடிக்குப் போனாள். அறை அறையாகப் பார்த்தாள். அலுமாரிகளுக்கு மேலே நாங்கள் அடுக்கி வைத்திருக்கிற சூட்கேஸ்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். லண்டனில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் அலுமாரிக்கு மேலே சூட்கேஸ் இருக்கும். சூட்கேஸுக்குள் என்றைக்கோ தேவைப்படும் என்று ஊரிலிருந்து கொண்டு வந்த பித்தளைப் பானையும் வெண்கலக் குத்துவிளக்கும் இருக்கும். வீட்டில் உள்ளதிலேயே பாரமான சாமானைத் தூங்குகிறவர்களின் தலைக்கு மேலே வைப்பதுதான் எங்கள் வழக்கம்.

அவள் இருப்பது வெலிங்டனில். அங்கே நிலம் அடிக்கடி நடுங்கும். சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறாள். எழுத்துச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் மேசைக்கு அடியில் போய்த் தலையை மூடிக்கொண்டு மேசைக்காலைப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பார்களாம். அவள் வீட்டில் கட்டிலுக்கு மேலே படம் மாட்டக் கூடாது. கட்டிலுக்குக் கீழே சப்பாத்து இருக்க வேண்டும், கண்ணாடி உடைந்து கிடந்தாலும் ஓடுவதற்கு. இதையெல்லாம் தொலைபேசியில் கேட்டு நான் எவ்வளவோ பகிடி பண்ணியிருக்கிறேன். இப்போது அவள் பெட்டியைத் திறந்தபோது பிள்ளைக்கு வாங்கிய சட்டைகளுக்கு நடுவிலிருந்து பட்டிகள், இரும்புக் கோணங்கள், ஒரு பை நிறைய ஆணிகள், ஒரு சின்ன ட்ரில் எல்லாம் வெளியே வந்தன.

“உமக்கு அங்கை சுங்கத்திலை ஒண்டும் கேக்கேல்லையோ?” என்று என் கணவர் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்,” என்று மெல்லச் சொன்னார்.

“இது லண்டனடி. இஞ்சை மழை பெய்யும், ரயில் நிக்கும், பில் வரும். நிலம் ஆடாது,” என்று நானும் சொன்னேன்.

“நிலம் ஆடாட்டி வீடு ஆடாதோ?” என்றாள் தங்கை.

அவள் அதைச் சொன்ன நேரத்தில் பக்கத்து வீட்டில் சம்மட்டி அடி தொடங்கியது. அவர்கள் கூரைக்குள் புதிதாக அறை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் எல்லா வீடும் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. அங்கே அடித்தால் இங்கே கண்ணாடி அலுமாரி பேசும். அந்த முதல் அடியிலேயே தங்கை வாசல் நிலைக்கு ஓடிப் போய் நின்றாள். நானும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவள் முகம் வெளுத்திருந்தது. “சத்தம்தான் அக்கா முதல் வரும். யானை வரும் பின்னே எண்டு சொல்லுறது போலத்தான்,” என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லண்டனின் சட்டன் பகுதியில் இருக்கிற இந்த வீட்டை நாங்கள் வாங்கியதே சாமியறைக்காகத்தான். லண்டனில் சாமி இருக்கிற இடங்களைப் பற்றி ஒரு புராணமே பாடலாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சாமி குசினி அலுமாரிக்குள், வாஷிங் மெஷினுக்கு நேர் மேலே இருந்து ஆடிக்கொண்டிருக்கிறார். இன்னொரு வீட்டில் மாடிப்படிக்குக் கீழே, கேஸ் மீட்டருக்குப் பக்கத்தில் குனிந்துதான் கும்பிட வேண்டும். இந்த வீட்டை விற்ற குடும்பமும் எங்கள் ஆட்கள்தான். அவர்கள் கீழே பின்பக்கச் சிறிய அறையைச் சாமியறையாகவே கட்டி வைத்திருந்தார்கள். கிழக்குச் சுவர் முழுவதும் பளிங்குத் தட்டு, இரண்டு பக்கமும் விளக்கு, மணி கட்டிய கதவு. என் கணவர் அதைப் பார்த்த பிறகு வேறு ஒரு அறையையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. “இது எங்களுக்கெண்டே கட்டி வைச்ச மாதிரி இருக்கு,” என்றார். வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். கட்டின வீட்டை வாங்குகிறவனும் கொஞ்சம் பார்க்கத்தான் வேண்டும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

இந்தத் தெரு வீடுகள் பழையவை. எல்லா அறையிலும் ஒரு காலத்தில் நெருப்பு எரித்திருக்கிறார்கள். அதனால் எல்லா அறையிலும் புகைபோக்கியின் செங்கல் சுவர் ஒரு பாகம் முன்னே தள்ளிக்கொண்டு நிற்கும். எங்கள் மாடியில் பின்னறையிலும் அப்படித்தான் நின்றது. அதற்கு நேர் கீழே இருந்த சாமியறையில் மட்டும் கிழக்குச் சுவர் கண்ணாடி போல மட்டமாக இருந்தது. அந்த இரண்டு அறைகளுக்குள்ளும் தினமும் போய் வருகிற எங்களில் ஒருவருக்கும் அது ஒரு கேள்வியாகத் தோன்றவில்லை. பனிக்காலத்திலிருந்து மாடிப் பின்னறைக் கதவு இறுகத் தொடங்கியது. என் கணவர் அதன் அடியைச் சீவி விட்டார். பிறகு மேலே இறுகியது. மேலேயும் சீவினார். லண்டன் களிமண், எல்லா வீடும் இப்படித்தான் என்று கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

பேத்தி பிறந்தாள். மகளுக்கு வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, இருந்ததிலேயே சூடான அறை அதுதான் என்று மாடிப் பின்னறையில் விட்டோம். தொட்டிலைக் காற்றுப் படாத பக்கமாக, அந்தப் புகைபோக்கிச் சுவரோடு ஒட்டிப் போட்டோம்.

பிள்ளை வந்தால் துடக்கு என்கிற தீட்டும் வரும். தாயும் பிள்ளையும் இருக்கிற வீட்டில் முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து தண்ணீர் தெளிக்கும் வரைக்கும் சாமியறைக்குள் யாரும் போகக் கூடாது. இந்த ஊரில் அதை லீவுக்கு ஏற்றபடி சுருக்கிக்கொள்கிறவர்களே அதிகம். என் கணவர் சுருக்கவில்லை. விளக்கை அணைத்தார், திரையை இழுத்தார், கதவைச் சாத்தினார். மறந்தும் யாரும் திறந்துவிடக் கூடாது என்று கதவுக்கு முன்னால் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். தங்கை வீட்டிலுள்ள எல்லாச் சாமானையும் சுவரோடு பூட்டிக்கொண்டு திரிந்தாள். இவர் ஒரு கதவைப் பூட்டினார். இரண்டு பேரும் ஒரே பிள்ளையைத்தான் காவல் காத்தார்கள்.

அவர் அப்படி இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை அவர் என்னோடு பேசியதில்லை, ஆனால் எனக்குத் தெரியும். இதற்கு முன்னால் மகளுக்கு ஒரு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அதற்குக் கொஞ்ச நாள் முந்தி ஒரு காலையில் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. அவருடைய பெரியப்பாவின் மகன் செத்துப் போன செய்தி. அன்றைக்கு மகளின் பெயரில் ஆர்ச்வே முருகன் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லி வைத்திருந்தார். செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் துடக்கு என்பார்கள். அவர் தொலைபேசியை வைத்துவிட்டு ஒருவரிடமும் மூச்சு விடாமல் குளித்துக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். மாலையில்தான் எனக்குச் சொன்னார், அப்போதுதான் கேள்விப்பட்டது போல. காலையிலேயே அவருக்குச் சொல்லிவிட்டோம் என்று ஊரிலிருந்து பேசியவர்கள்தான் பிறகு எனக்குச் சொன்னார்கள். பிள்ளை போன அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அதை நம்புகிறவள் இல்லை. ஒரு மனிதன் கோயிலுக்குப் போனதற்காகப் பிறக்காத பிள்ளையைக் கொல்லுகிற சாமி எனக்குத் தேவையும் இல்லை. ஆனால் அவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மருமகன் வேலைக்குப் போயிருந்தார். என் கணவர் மரக்கறி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். இலைகள் அவித்த தண்ணீரில் மகளை நான் கீழே குளியலறையில் முழுக வார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை கூடைக்குள் என் கண்முன்னே கிடந்தது. அறை வெறுமையாகக் கிடைத்த அந்த நேரத்தில் தங்கை ட்ரில்லை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற உடுப்பு அலுமாரிதான் அவள் கணக்கில் மிச்சம். அதைப் புகைபோக்கிச் சுவரோடு பூட்டினால் நிலைக்கும், நல்ல செங்கல் என்று சொல்லிக்கொண்டு போனாள்.

ட்ரில் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. நான் மகளுக்குத் தலையைத் துவட்டி, பிள்ளைக்குப் பால் கொடுக்க வைத்து, இரண்டு பேரையும் மேலே கூட்டிக்கொண்டு போனேன். தங்கை சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். அலுமாரி பூட்டப்படவில்லை. நான் வாயைத் திறக்க முந்தி கையால் பொறு என்று காட்டினாள். மகள் ஒன்றையும் கவனிக்காமல் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கட்டிலில் சரிந்தாள். இரவு முழுக்க விழித்த பெண், சரிந்ததும் உறங்கிவிட்டாள்.

தங்கை என்னை வெளியே இழுத்து, இறுகிய கதவை மெல்லச் சாத்தினாள்.

“அக்கா, ஓட்டை போட உள்ளுக்கை ஒரு கல்லுத் துண்டு கழண்டு விழுந்தது. விழுற சத்தம் கேட்டனான்.”

“விழுந்தா விழட்டுமன். புகைபோக்கிதானே. கீழை அடுப்பிலை போய்க் கிடக்கும்.”

“கீழை போகேல்லை. இந்த நிலத்தோடையே நிண்டிட்டுது. என்ரை காலுக்குக் கீழை விழுந்த மாதிரிக் கேட்டது.” அவள் குரல் இறங்கியது. “அக்கா, இந்தச் சுவர் கீழை எங்கை நிக்குது?”

நான் வாயைத் திறந்தேன். கீழே என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் திறந்தேன். மட்டமான பளிங்குச் சுவர் கண்ணுக்குள் வந்தது. கீழே சுவர் இல்லை. கூரைக்கு மேலே நிற்கிற புகைக்கூண்டு தொடங்கி மாடி அறை வரைக்கும் அவ்வளவு செங்கல்லும் இருக்கிறது, கீழே இல்லை.

நாங்கள் கீழே இறங்கியபோது என் கணவர் மரக்கறிப் பையோடு உள்ளே வந்தார். தங்கை அவரிடம் நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“இப்ப என்ன செய்ய வேணும் எண்டிறீர்?”

“கதவைத் திறவுங்கோ அத்தான். சீலிங்கைப் பாக்க வேணும்.”

“ஏலாது.”

“பாத்திட்டுச் சாத்துவம். நான் உள்ளுக்கை கால் வைக்க மாட்டன்.”

“துடக்கு முடிய இன்னும் நாள் கிடக்கு. ஐயர் வந்து கழிச்ச பிறகு நீர் ஏணி வைச்சு ஏறிப் பாரும், நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். அதுக்கு முதல் அந்தக் கதவு திறபடாது. எத்தினை வருசமா நிக்கிற சுவர். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாப் போகப் போகுது.”

“நிக்கிறது விழுற வரைக்கும் நிக்கும்தானே அத்தான்.”

“உமக்கு ஒண்டு தெரியாது,” என்றார். “இந்தப் பிள்ளைக்கு ஒண்டு வந்தா என்னாலை தாங்க ஏலாது.”

தங்கை என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த அர்ச்சனைக் கதை தெரியாது. “முதல் பிள்ளையைக் கீழை கொண்டு வாங்கோ,” என்றாள். அது சரிதான். ஆனால் இப்போதுதான் கண் மூடியவளை எழுப்பி, வெட்டின வயிற்றோடு படியிறக்கி, பிறகு ஒன்றுமே இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் என்ற யோசனை எனக்கு. முதலில் பார்ப்போம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டில் சத்தம் இல்லை, வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து பல நாள். அந்த அமைதியே எனக்குப் பிடிக்கவில்லை.

நான் போய்க் கதிரையை இழுத்து ஒரு பக்கம் வைத்தேன். “இஞ்சேரும், என்ன செய்யிறீர்?” என்று அவர் பின்னால் வந்தார். நான் திரும்பவில்லை. கதவைத் திறந்தேன். மணி அடித்தது.

சாம்பிராணி வாசம்தான் வரும் என்று நினைத்தேன். வந்தது ஈரக் கரியின் மணம், நெடுநாள் பூட்டிக் கிடந்த நிலவறையின் மணம். லைட்டைப் போட்டுத் திரையை விலக்கினேன். பளிங்குத் தட்டில் வரிசையாக நின்ற படங்கள் எல்லாம் சிவந்திருந்தன. பிள்ளையாரின் தும்பிக்கை தெரியவில்லை. முருகனின் முகத்திலும் அம்மனின் நெற்றியிலும் குத்துவிளக்கின் தட்டிலும் மெல்லிய சிவப்புப் பொடி, ஒரு கை தூவினது போலப் படிந்திருந்தது.

என் கணவர் வாசற்படியில் நின்றபடியே கை கூப்பினார். “குங்குமம்,” என்றார். கண் கலங்கியிருந்தது. “பாரும், குங்குமம் கொட்டியிருக்கு.”

இதைக் கேட்டுச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. லண்டனில் எங்காவது ஒரு வீட்டில் படத்திலிருந்து விபூதி கொட்டுகிறது என்று கேள்விப்பட்டால் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்க்கிறவர்கள் நாங்கள். நானும் போயிருக்கிறேன். அந்த ஒரு கணம் எனக்கும் உடம்பு சிலிர்த்தது. சாமி மன்னித்துவிட்டார், பிள்ளையை ஏற்றுக்கொண்டார் என்று அவர் முகம் சொன்னது. பிள்ளை போன நாளுக்குப் பிறகு அவர் முகத்தை அவ்வளவு இலேசாக நான் பார்த்ததில்லை.

தங்கை எங்கள் இருவரையும் தாண்டிக் கையை மட்டும் உள்ளே நீட்டி, ஓரத்தில் இருந்த படத்திலிருந்து பொடியை விரலில் எடுத்தாள். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தாள். நறநறவென்றது.

“கல்லு அத்தான். செங்கல்லு,” என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் சம்மட்டி மறுபடி தொடங்கியது. ஒரு அடி. எங்கள் மூன்று பேரின் கண்முன்னே மேலிருந்து ஒரு சிட்டிகை சிவப்பு இறங்கி அம்மனின் நெற்றியில் விழுந்தது. மூவரும் அண்ணாந்து பார்த்தோம். சீலிங் நடுவில் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, நிறைமாத வயிறு போல. அதன் குறுக்கே என் விரல் நுழையும் அகலத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியது. அதற்கு மேலேதான் தொட்டில்.

என் கணவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். துடக்கோடு, கால் கழுவாமல், கடைக்குப் போன உடுப்போடு போனார். கதிரையை அந்த வயிற்றுக்குக் கீழே போட்டு ஏறி, இரண்டு கையையும் உயர்த்தி உள்ளங்கையால் சீலிங்கைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

“பிள்ளையை இறக்குங்கோ,” என்று கத்தினார். “கெதியா!”

ஒரு மனிதன் கையால் தாங்குகிற பாரமா அது? திடகாத்திரமான ஆளும் இல்லை அவர். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவரை இறங்கச் சொல்லாமல்தான் ஓடினேன். தங்கை சம்மட்டியை நிறுத்தத் தெருவுக்கு ஓடினாள்.

மாடிக் கதவு இறுகிக் கிடந்தது. எப்போதும் தோளால் ஒரு இடி கொடுத்தால் திறக்கும். இடிக்கப் பயம். இடித்தால் கீழே என்ன நடக்கும் என்று பயம், இடிக்காவிட்டால் உள்ளே என்ன நடக்கும் என்று பயம். பிடியைப் பிடித்துக்கொண்டு மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“வாட், அம்மா? இப்பத்தான் படுத்தனான்,” என்று உள்ளிருந்து சலித்தாள்.

“பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவை உன்ரை பக்கம் இழு. மெல்ல இழு. சுவர்ப் பக்கம் போகாதை.”

“தொட்டில் சுவர்ப் பக்கம்தானே இருக்கு?”

“ஓம். தூக்கிக்கொண்டு வா.”

என் குரலில் என்ன கேட்டாளோ, பிறகு கேள்வி கேட்கவில்லை. கதவு கரகரத்துத் திறந்தது. பிள்ளை நல்ல உறக்கம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த மகளைத் தாங்கிப் படியிறக்கிப் பின் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். வெயில் இருந்தது, ஆனால் குளிர்காற்று. என் சால்வையால் இரண்டு பேரையும் போர்த்தேன். சாமியறை ஜன்னல் தோட்டத்தைப் பார்த்தது. ஜன்னல் திரை விலகியிருந்த இடைவெளியால் அவர் கதிரையில் நிற்பது தெரிந்தது. கை இரண்டும் இன்னும் மேலேதான் இருந்தன. தலைமயிர் சிவந்திருந்தது.

சம்மட்டி நின்றது. பக்கத்து வீட்டு வேலையாட்களின் தலைவன் தங்கைக்குப் பின்னால் வந்தான், உயரமான வெள்ளைக்காரன். சப்பாத்தோடு சாமியறைக்குள் நுழைந்தான். என் கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் மேலே பார்த்தான். உடனே திரும்பி ஓடினான். அவன் ஓடின ஓட்டத்தில்தான் எனக்கு மிச்சப் பயமும் வந்தது. இரண்டு பேரோடு இரும்பு முட்டுகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, இறங்கு இறங்கு என்று என் கணவரை ஆங்கிலத்தில் அதட்டினான். அவர் இறங்கவில்லை. ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, தோட்டத்தில் பிள்ளையை என் மகளின் கையில் கண்ட பிறகுதான் இறங்கினார்.

முட்டுக் கொடுத்த பிறகு சீலிங்கை உடைத்துப் பார்த்தார்கள். கீழே புகைபோக்கியை இடித்து எடுத்தவர்கள் மேலே உள்ள அவ்வளவு செங்கல்லையும் இரண்டு மரப்பலகையில் நிற்க விட்டிருந்தார்கள். ஒரு பலகை நெடுக்கப் பிளந்திருந்தது. வீட்டை விற்றவர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். “எங்கட ஆள் ஒருத்தர்தான் செய்தவர். நல்ல கைராசிக்காரன். சாமி வேலை எண்டு கூலியும் குறைச்சவர்,” என்றார்கள். கவுன்சிலில் கேட்டீர்களோ என்றேன். சாமியறைக்கெல்லாம் கேட்பதோ என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அதற்கு நான் சொன்னது நல்ல வார்த்தை இல்லை.

மகளையும் பிள்ளையையும் வடக்கு லண்டனில் எட்மண்டனுக்கு, மருமகனின் தாய் தகப்பன் வீட்டுக்கு அனுப்பினோம். முப்பத்தொன்றும் அங்கேதான் கழிந்தது. கூரைக் கூண்டு தொடங்கிக் கல் கல்லாக இறக்கி லாரியில் வந்த பெரிய இரும்புத் தொட்டி ஒன்று நிறைய ஏற்றிப் போனார்கள். தங்கை தன் பட்டிகளையும் ஆணிகளையும் ஒன்று விடாமல் எங்கள் சுவர்களில் தீர்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள். நான் இந்தத் தடவை ஒரு பகிடியும் விடவில்லை. அலுமாரிக்கு மேலே இருந்த சூட்கேஸ்களை நானே இறக்கினேன்.

வீடு இப்போது திடமாக நிற்கிறது. எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார். கதவு இறுகுவதில்லை. ஆனால் என் கணவருக்கு அது முடியவில்லை. துடக்கோடு சாமியறைக்குள் போய் நின்றதை அவர் ஐயருக்குச் சொல்லவில்லை, மகளுக்குச் சொல்ல என்னையும் விடவில்லை. பிள்ளை தும்மினால் திரும்பிப் பார்க்கிறார். பிள்ளை அழாமல் நெடுநேரம் உறங்கினால் மூக்கடியில் விரலை வைத்துப் பார்க்கிறார். ஏதோ ஒன்று தவணை சொல்லிவிட்டுப் போயிருக்கிறது, திரும்பி வரும் என்று காத்திருக்கிறவரின் முகம் அது. அவரைப் பார்த்துப் பார்த்து, நம்பாத எனக்கும் அந்தப் பயம் தொற்றிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன கிழமை ஒரு நாள் மகள் வேலை விஷயமாக வெளியே போக, பிள்ளையை எங்களிடம் விட்டிருந்தாள். மத்தியானம் பிள்ளையின் உடம்பு சுட்டது. முதல் காய்ச்சல். மருந்து கொடுத்தேன், டாக்டரிடம் தொலைபேசியில் கேட்டேன், இரண்டு மணித்தியாலம் பார்க்கச் சொன்னார்கள். என் கணவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் இருந்தார். அவர் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு திறந்தவள் நீதானே என்று சொல்லாமல் சொல்லுவார் என்று காத்திருந்தேன். எனக்குக் கோபம் கூட வந்தது.

“இஞ்சேரும்,” என்றார் கடைசியில். “நான் சொல்லி வைச்சிட்டன்.”

“ஆருக்கு? என்னத்தை?”

அவர் சாமியறைப் பக்கம் தலையை அசைத்தார்.

“கதவைத் திறந்தது நீர். ஆனா உள்ளுக்கை போய் நிண்டது நான். கோயிலுக்குப் போனதும் நான். கணக்குக் கேக்கிறதெண்டா என்னட்டைக் கேக்கட்டும். இந்தப் பிள்ளையைத் தொடக் கூடாது எண்டு சொல்லிப்போட்டன்.”

பிள்ளை அவருடைய பெருவிரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அவர் முகத்தில் பயம் இல்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. நான் தெர்மோமீட்டரை எடுத்துப் பிள்ளையின் காதில் வைத்தேன். காய்ச்சல் இறங்கியிருந்தது. அவரிடம் அதைக் காட்டினேன். அவர் தலையாட்டினார், ஏற்கெனவே தெரியும் என்பது போல. பிறகு பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, நெஞ்சு கொஞ்சம் பாரமாக இருக்கிறது, சற்றுப் படுக்கிறேன் என்று மாடிக்கு ஏறிப் போனார்.